பசிக்குத் தனி மாடி கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பசி, கோபம், ஊக்கம் மூன்றையும் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். முக்கோணப் படம் ஒன்றைப் போட்டு, அடித்தட்டில் பசி, நடுத்தட்டில் உணர்ச்சிகள், உச்சியில் சாதிக்கும் உந்துதல் என்று அடுக்கியிருந்தீர்கள். வயிற்றை அடக்கத் தெரிந்தவருக்கு மனம் அடங்கும், மனம் அடங்கியவருக்கு உயர்வு வரும் என்பது கட்டுரையின் சாரம். கடைசியில் நான்கு யோசனைகள். பசித்தால் தண்ணீர் குடித்துச் சமாளியுங்கள். அவ்வப்போது ஒரு வேளைச் சாப்பாட்டைத் தவிர்த்து மன உறுதியைப் பயிற்றுங்கள். காய் சாப்பிட்ட பிள்ளைக்குப் பரிசாக இனிப்புக் கொடுங்கள். 21 நாள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும். நான்குமே காலங்காலமாகச் சொல்லப்படுபவைதான். நான்கிலும் கோளாறு இருக்கிறது. முதல் இரண்டும் சிலருடைய உயிருக்கே உலை வைக்கக்கூடியவை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், நீரிழிவு பற்றிய கடைசிப் பகுதியைத் தவிர.

முதலில் அந்த முக்கோணம். அதற்கு மூலம் என்று சொல்லப்படுவது, மனிதத் தேவைகளைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ 1943-இல் எழுதிய கட்டுரை. அதில் முக்கோணமே கிடையாது. அது பிற்பாடு மற்றவர்கள் வரைந்து பாடநூல்களில் ஏற்றியது. கீழ்த்தட்டு நிறைந்தால்தான் மேல்தட்டின் கதவு திறக்கும் என்றும் அவர் சொல்லவில்லை. உடல் தேவைகள் 85 விழுக்காடு, பாதுகாப்பு 70, அன்பு 50, தன்மதிப்பு 40, தன் ஆற்றலை முழுமையாக்கிக்கொள்வது 10 என்று, ஒரு சராசரி மனிதனிடம் எல்லாத் தேவைகளும் ஒரே நேரத்தில் அரைகுறையாக நிறைந்திருக்கும் என்பதை விளக்க ஒரு பேச்சுக்கு எண்களைப் போட்டுக் காட்டியிருக்கிறார். பசி, உணர்ச்சி, உந்துதல் மூன்றும் மாடி வீட்டின் தளங்கள்போல ஒன்றன்மேல் ஒன்றாக இல்லை. ஒரே கூடத்தில் ஒரே மின்கம்பியில் ஓடும் மூன்று விளக்குகள் அவை. ஒன்றைப் போட்டால் மற்றது மங்கும், சில நேரம் சேர்ந்தே எரியும். உங்கள் கட்டுரையின் தவறான யோசனைகள் எல்லாம் இதை மறந்ததால் வந்தவை என்பது என் கருத்து.

பசி வயிற்றில் இருக்கிறது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். 1912-இல் அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் வால்டர் கேனனும் அவருடைய மாணவர் வாஷ்பர்னும் இதைச் சோதித்தார்கள். குழாய் செருகிய ரப்பர் பலூனை வாஷ்பர்னே விழுங்கினார். அது இரைப்பைக்குள் போனதும் காற்றை நிரப்பி, இரைப்பை சுருங்கும்போதெல்லாம் அழுத்தம் மாறுவதைச் சுழலும் தாளில் கோடாகப் பதிந்தார்கள். வயிறு கிள்ளும் ஒவ்வொரு முறையும் அவர் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். கோடும் பொத்தானும் பெரும்பாலும் ஒத்துப்போயின. இரைப்பை சுருங்குவதுதான் பசி, கதை முடிந்தது என்று தோன்றியது. ஆனால் நோய் காரணமாக இரைப்பையையே முழுதாக எடுத்துவிட்டவர்களைக் கேட்டால், அவர்களும் பசிக்கிறது என்றார்கள்!

இரைப்பை மணியடிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அடிக்கச் சொல்வது யார்? 1999-இல் ஜப்பானில் கொஜிமா, கங்காவா குழுவினர் கிரெலின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் இரைப்பையில் சுரப்பது. சாப்பாட்டு நேரத்துக்கு முன் இரத்தத்தில் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். ஒரு நாளுக்கும் மேலாகப் பட்டினி இருந்தவர்களிடம் அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்த்தபோது, வழக்கமான சாப்பாட்டு வேளைகளில் கிரெலின் ஏறி, ஒன்றும் சாப்பிடாமலேயே தானாக இறங்கியது. 'பசி கெட்டுப்போச்சு' என்று வீட்டில் சொல்வோமே, அதன் பின்னால் இப்படி ஓர் அலை இருக்கிறது. வேலை நேரம் மாறி, சாப்பாட்டு நேரமும் மாறியவர்களுக்கு இது பயன்படும் செய்தி. முதல் சில நாள் பழைய நேரத்திலேயே வயிறு கிள்ளும். அதைப் பார்த்துவிட்டு இது எனக்கு ஒத்துவராது என்று பலர் கைவிடுகிறார்கள். புதிய நேரத்தை நாளுக்கு நாள் மாற்றாமல் பிடித்துக்கொண்டால் மணியும் மெல்ல நகர்ந்து வரும். இன்று எட்டு மணி, நாளை பத்தரை என்று சாப்பிட்டால் எந்த மணியும் நிலைக்காது.

இதற்கு மேல் நீண்ட காலக் கணக்குப் பார்க்கும் இன்னொரு கணக்குப்பிள்ளை உண்டு. 1994-இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் அடையாளம் கண்ட லெப்டின். கொழுப்புத் திசுவில் சுரப்பது. உடலில் கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறையும். உடனே மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் பசியைக் கூட்டி, உடல் செலவழிக்கும் ஆற்றலைச் சுருக்கும். எடை குறைத்தவருக்கு முன்பைவிட அதிகமாகப் பசிப்பது இதனால்தான். அவரைப் பார்த்து வைராக்கியம் இல்லாதவர் என்பது, காய்ச்சல்காரரைப் பார்த்து ஏன் சுடுகிறாய் என்று கேட்பதைப் போன்றது.

அதே ஹைப்போதலாமஸில் பசியை எழுப்பும் ஒரு வகை நரம்பணுக்கள் இருக்கின்றன. சுண்டெலிகளில் இவற்றை நேரடியாகப் பதிவு செய்தும் தூண்டியும் பார்த்திருக்கிறார்கள். இவை துடித்துக்கொண்டிருப்பது எலிக்குப் பிடிக்கவில்லை. எந்த இடத்தில், எந்தச் சுவையோடு இவை தூண்டப்பட்டனவோ அதை எலி பிறகு தவிர்க்கிறது. எரிபொருள் குறைந்துவிட்டது என்று காட்டும் வெறும் முள்ளாகப் பசி இருந்தால் இப்படி நடக்காது. பசி தன்னளவிலேயே ஒரு தொந்தரவான உணர்வு. இன்னொன்றும் தெரியவந்தது. உணவைக் கண்ட சில நொடிகளில், வாயில் வைப்பதற்கு முன்பே, இந்த அணுக்கள் அடங்கிவிடுகின்றன. கண்ணில் காட்டிவிட்டுத் தராமல் எடுத்துவிட்டால் மறுபடி எழுகின்றன. 'இதோ ஆயிற்று' என்று சொல்லிச் சொல்லிப் பசித்த குழந்தையைக் காக்கவைப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

நிறைவுக்கும் ஒரே ஒரு சமிக்ஞை இல்லை. இரைப்பை விரிவதை வேகஸ் நரம்பு சில நிமிடங்களில் மூளைக்குச் சொல்லிவிடும். கொழுப்பும் புரதமும் சிறுகுடலில் இறங்கியதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து அதை உறுதிசெய்யும். குடலின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் ஹார்மோன்கள் உச்சம் தொட ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். ஐந்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்பவருக்குப் போதும் என்ற கடிதம் வருவதற்குள் அடுத்த சுற்றுப் பரிமாறி முடிந்திருக்கும்.

நினைவும் இதில் சேர்த்தி. 1998-இல் பால் ரோசின் குழுவினர், புதிய நிகழ்வு எதையும் நினைவில் வைக்க முடியாத இரண்டு நோயாளிகளுக்கு மதியச் சாப்பாடு கொடுத்தார்கள். சாப்பிட்டு முடித்த 10 முதல் 30 நிமிடத்துக்குள், சாப்பாட்டு நேரம் என்று சொல்லி இன்னொரு முழுச் சாப்பாட்டை வைத்தார்கள். இருவரும் அதையும் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்துதான் இருந்தது. சாப்பிட்டோம் என்ற நினைவு மட்டும் இல்லை. தொலைக்காட்சியையோ கைபேசியையோ பார்த்துக்கொண்டு சாப்பிடுபவர்கள் அந்த வேளையில் கூடுதலாகச் சாப்பிடுவதோடு, அடுத்த வேளையிலும் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டியதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. என்ன சாப்பிட்டோம் என்பது மனதில் பதியாமலே உள்ளே போய்விடுகிறது. மருந்து மாத்திரை இல்லாமல், ஒருவருக்கும் தீங்கில்லாமல் செய்யக்கூடிய யோசனை வேண்டுமென்றால் இதை எழுதியிருக்கலாம்: தட்டின் முன் திரை வேண்டாம், மாலையில் எதையாவது கொறிக்கக் கை நீளும்போது மதியம் தட்டில் என்னென்ன இருந்தது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

இனி கோபம். 'பசி வந்தால் பத்தும் பறந்து போகும்' என்பது சரிதான். ஆனால் உங்கள் கட்டுரை சொல்வதுபோல் இரத்தச் சர்க்கரை இறங்குவதால்தான் கோபம் வருகிறது என்பது ஆரோக்கியமாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. ஒரு வேளை சாப்பிடாவிட்டால் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோஸை எடுத்துவிட்டு அளவைச் சமாளித்துக்கொள்ளும். பிறகு ஏன் சுள்ளென்று விழுகிறோம்? மக்கார்மக், லிண்ட்குவிஸ்ட் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் 200-க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்துச் செய்த சோதனையை நெருக்கத்தில் பார்ப்போம். சிலர் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள், சிலர் பட்டினியாக வந்தார்கள். இரு தரப்பிலும் பாதிப் பேரிடம் உணர்ச்சிகளைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதச் சொன்னார்கள். பிறகு எல்லோருக்கும் கணினியில் சலிப்பூட்டும் நீளமான வேலை. முடியும் தறுவாயில் கணினி வேண்டுமென்றே செயலிழக்கும். சோதனை நடத்துபவர் உள்ளே வந்து, நீங்கள் ஏதோ தவறான பொத்தானை அமுக்கிவிட்டீர்கள் என்பார். பட்டினியாக வந்து, உணர்ச்சியைப் பற்றி எதுவும் யோசிக்காதவர்கள்தான் அதிகம் கொதித்தார்கள். சோதனை நடத்தியவரைக் கடுமையாக மதிப்பிட்டார்கள். பட்டினியாக இருந்தும் தம் உணர்ச்சியை முன்னமே கவனித்திருந்தவர்கள் அப்படிக் கொதிக்கவில்லை.

இதிலிருந்து எடுக்க வேண்டியது இதுதான். பசி உடலில் ஒரு கலக்கத்தைக் கிளப்புகிறது. அந்தக் கலக்கத்துக்குப் பெயர் எழுதப்பட்டிருப்பதில்லை. எதிரே யாராவது எரிச்சலூட்டும்போது, உள்ளே கிளம்பியது அவரால் வந்தது என்று மனம் வரவு வைத்துக்கொள்கிறது. எரிச்சலூட்ட ஒன்றும் இல்லாத இடத்தில் பசித்தவர் பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறார். ஆகவே கடுமையான பேச்சு ஒன்றை ஆரம்பிக்கும் முன் கடைசியாகச் சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று பாருங்கள். ஐந்து மணி நேரம் தாண்டியிருந்தால் பேச்சைத் தள்ளிப் போடுங்கள், முடியாவிட்டால் 'எனக்குப் பசிக்கிறது, அதையும் கணக்கில் வைத்துக்கொள்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். (ஐந்து மணி என்பது நடைமுறைக்காக நான் வைக்கும் கோடு, ஆய்வகம் வகுத்த எல்லை இல்லை.)

நீதிபதிகள் பசித்தால் பரோல் மறுக்கிறார்கள் என்று கட்டுரையில் ஒரு வரி வந்தது. 2011-இல் இஸ்ரேல் பரோல் குழுக்களைப் பற்றி வந்த ஆய்வு அது. இடைவேளைக்குப் பின் 65 விழுக்காடு அளவில் இருந்த சாதகமான முடிவுகள் அடுத்த இடைவேளை நெருங்கும்போது பூச்சியத்தை ஒட்டி இறங்கின என்றது. அதே ஆண்டில், அதே ஆய்விதழில் மறுப்பும் வந்துவிட்டது. வழக்குரைஞர் இல்லாத கைதிகள் பெரும்பாலும் அமர்வின் கடைசியில்தான் அழைக்கப்பட்டார்கள், அவர்களுக்கு எப்போதுமே வாய்ப்புக் குறைவு. மறுப்பைச் செய்தித்தாள்கள் கண்டுகொள்வதில்லை.

உந்துதலுக்கு வருவோம். 1951-இல் இந்திய உடலியங்கியல் அறிஞர் பால் கிருஷ்ண ஆனந்தும் ஜான் புரோபெக்கும் எலிகளின் ஹைப்போதலாமஸில் பக்கவாட்டுப் பகுதியைச் சிதைத்தபோது, அவை உணவுக்கு நடுவிலேயே சாப்பிடாமல் செத்தன. அதுதான் பசி மையம் என்று பாடநூல்கள் எழுதின. பிற்பாடு பார்த்தால், அந்த இடம் வழியாக ஓடும், டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பிழைகளும் சேர்ந்தே அறுபட்டிருந்தன. அந்த இழைகளை மட்டும் அழித்தாலும் எலி சாப்பிடுவதில்லை. இங்கேதான் அமெரிக்க நரம்பியல் அறிஞர் கென்ட் பெரிட்ஜின் வேலை முக்கியம். டோபமைன் அழிக்கப்பட்ட எலியின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டார். எலி நாக்கை நீட்டி, வாயோரத்தை நக்கி, சுவையை முழுதாக ரசித்தது. நன்றாக இருக்கும் எலியின் முகத்துக்கும் அதன் முகத்துக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் ஒரு அடி தள்ளிக் கிடக்கும் உணவை நோக்கி நகராது. ருசிப்பது வேறு, வேண்டுமென்று துடிப்பது வேறு. டோபமைன் இரண்டாவதற்கு உரியது. டோபமைனை 'இன்ப ஹார்மோன்' என்று கட்டுரையில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், தயவுசெய்து திருத்துங்கள்.

நொறுக்குத்தீனிப் பொட்டலத்தைப் பிரித்தவரைக் கவனித்தால் இது விளங்கும். முதல் பிடியில் இருந்த ருசி ஐந்தாவது பிடியில் இல்லை. கை மட்டும் நிற்பதில்லை. 2019-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 20 பேரை மருத்துவமனைக்குள்ளேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் மாற்றி மாற்றிக் கொடுத்தார். முன்னே வைக்கப்பட்டதில் சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து அளவுகள் ஒத்திருந்தன. இரண்டும் ஒரே அளவு பிடித்திருந்தன என்றுதான் அவர்கள் மதிப்பெண் போட்டார்கள். ஆனாலும் பதப்படுத்திய உணவில் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் உள்ளே போனது, சாப்பிடும் வேகமும் கூடியிருந்தது.

தமிழில் இதற்கெல்லாம் தனித்தனிச் சொல் இருப்பது நமக்கு வசதி. வயிறு கிள்ளுவது, காது அடைப்பது, வாய் நமநமப்பது மூன்றும் ஒன்றில்லை. வயிறு கிள்ளினால் மெல்ல ஏறும், எந்தச் சாப்பாடு கிடைத்தாலும் சரி என்றிருக்கும், சாப்பிட்டதும் அடங்கும். வாய் நமநமத்தால் திடீரென்று வரும். குறிப்பிட்ட ஒன்றுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும். சாப்பிட்ட ஒரு மணி நேரத்திலும் வரும். சாதாரணச் சாப்பாட்டைக் கொடுத்தால் வேண்டுமா என்று தன்னைக் கேட்டுக்கொள்வது இரண்டையும் பிரித்தறிய எளிய வழி. வேண்டாம் என்றால் அது வாயின் கோரிக்கை. கவலை, சலிப்பு, தூக்கக் குறைவு இவற்றில் ஒன்று பின்னால் நிற்கும். அப்போது அடக்குவதைவிட இடத்தை விட்டு எழுந்து பத்துப் பதினைந்து நிமிடம் வேறு எதிலாவது ஈடுபடுவது பயன் தரும். நமநமப்பும் அலைதான். காது அடைப்பது கொஞ்சம் கவலைப்பட வேண்டியது, கீழே வருகிறேன்.

ஒரு வேளையைத் தவிர்த்து மன உறுதியைப் பயிற்றுங்கள் என்ற யோசனையைப் பற்றி. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944 நவம்பர் முதல் 1945 டிசம்பர் வரை ஆன்செல் கீஸ் நடத்திய பட்டினி ஆய்வில் 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். போரிட மறுத்த கொள்கைப் பிடிப்புள்ளவர்கள். மன உறுதியில் அவர்களை மிஞ்ச ஆள் தேட வேண்டும். 24 வாரம் நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி, வாரம் 35 கிலோமீட்டர் நடை. எடையில் கால்பங்கு போயிற்று. பத்தும் பறந்தன என்றால் மிகையில்லை. படிப்பில் நாட்டம் போனது, நகைச்சுவை போனது, காம ஆசை போனது, நட்பு சுருங்கியது. எஞ்சியது உணவைப் பற்றிய நினைப்பு மட்டும். சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள். தட்டில் இருப்பதைத் துண்டு துண்டாக்கி மணிக்கணக்கில் நீட்டினார்கள். பட்டினி முடிந்து தாராளமாகச் சாப்பாடு கிடைத்த பிறகும் வயிறு முட்டத் தின்றவர்கள் பசி தீரவில்லை என்றார்கள். பழமொழியில் பறந்து போகும் பத்தில் தாளாண்மையும், அதாவது முயற்சியும், ஒன்று என்பதைக் கட்டுரையாளர் கவனிக்கவில்லை போலும்.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், வளரிளம் பருவப் பிள்ளை ஒருவர் திடீரென்று மெலிந்து, தான் சாப்பிடாமல் மற்றவர்களுக்காக விதவிதமாகச் சமைத்து, தட்டில் உள்ளதை நுணுக்கி நுணுக்கி நேரம் கடத்தினால், வீட்டார் அதைப் பிடிவாதம் என்று திட்டுகிறார்கள். மூளை பட்டினியில் இருப்பதன் அடையாளமாகவும் அது இருக்கலாம். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நீண்ட நாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக நிறைய ஊட்டவும் கூடாது. இரத்தத்தில் பாஸ்பேட் சடாரென்று இறங்கி இதயத்தைப் பாதிக்கும். மருத்துவக் கண்காணிப்பில் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும்.

மன உறுதி தசையைப் போன்றது, பயன்படுத்தினால் களைக்கும், பயிற்றினால் வலுக்கும் என்ற வாதமும் தள்ளாடுகிறது. 1998-இல் ராய் பௌமைஸ்டர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், கண்முன்னே சாக்லெட் இருக்க முள்ளங்கி மட்டும் தின்னச் சொல்லப்பட்டவர்கள் அடுத்து வந்த புதிரைச் சீக்கிரம் கைவிட்டார்கள். 2016-இல் 23 ஆய்வகங்கள் ஒரே முறையில், வேறொரு பணியை வைத்து, இந்தக் களைப்பைத் தேடின. கிட்டத்தட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. நிஜத்தில் கட்டுப்பாடு மிக்கவர்கள் என்று பெயரெடுத்தவர்களைக் கவனித்தால், அவர்கள் ஆசையோடு மல்லுக்கட்டுவது மற்றவர்களைவிடக் குறைவு. சபலம் எழும் இடத்துக்கே அவர்கள் போவதில்லை.

அதனால் பயிற்ற வேண்டியது திட்டமிடுதலை. பீட்டர் கோல்விட்சரின் 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு செய்யும் முறை 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் நன்றாகவே தேறியிருக்கிறது. இனிமேல் ஒழுங்காகச் சாப்பிடுவேன் என்பது திட்டம் ஆகாது. 'வேலை முடிந்து வீட்டுக் கதவைத் திறந்ததும், முதலில் கை கழுவி, உட்கார்ந்து ஒரு பழம் சாப்பிடுவேன்' என்பது திட்டம். எப்போது, எங்கே, என்ன என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். பலர் சறுக்குவது எதிர்மறையில். 'பசித்தால் நொறுக்குத்தீனி தின்ன மாட்டேன்' என்று எழுதினால் பசி வந்ததும் மனதில் முதலில் வந்து நிற்பது நொறுக்குத்தீனிதான். செய்ய வேண்டியதை எழுதுங்கள். ஒரே நேரத்தில் ஐந்து திட்டம் போட்டால் ஐந்தும் போகும், ஒன்று போதும். 21 நாள் கணக்குக்கு அடிப்படை இல்லை. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு செயல் யோசிக்காமல் செய்யும் பழக்கமாவதற்கு நடுமதிப்பாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை மாறியது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய சேதம் எதையும் செய்யவில்லை. 22-ஆம் நாள் இன்னும் பழகவில்லையே என்று மனம் ஒடிந்து விட்டுவிடுபவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

காய்க்குப் பரிசாக இனிப்பு. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் படம் வரைவதை விரும்பும் மழலையர்களில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டிச் சொல்லி வரைய வைத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசு எதுவும் இல்லாமல் பேனாக்களை மேசையில் வைத்துவிட்டுப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் வரைந்த நேரம் மற்றவர்கள் வரைந்ததில் பாதிதான். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு இந்தச் சரிவு இல்லை. உணவில் இன்னும் மோசம்: 'இதைச் சாப்பிட்டால் அது' என்றதும், 'இது' தண்டனை என்றும் 'அது' பரிசு என்றும் பிள்ளை கற்றுக்கொள்கிறது. ஆனால் எல்லாப் பரிசும் கெடுதல் என்று சொல்ல மாட்டேன். நகத்தளவு காயை, சாப்பாட்டுக்குச் சற்று முன் லேசாகப் பசிக்கும் நேரத்தில், சுவைத்துப் பார்க்க மட்டும் கொடுங்கள். துப்பினாலும் பரவாயில்லை. சுவைத்ததற்கு ஒரு ஒட்டுப்படம் போன்ற உணவல்லாத சிறு பரிசு கொடுத்தால், அந்தக் காய் பிடிக்கத் தொடங்குவதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. எட்டு முதல் பதினைந்து முறை தேவைப்படும். பெற்றோர் பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது முறையிலேயே 'இவனுக்குப் பிடிக்காது' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

கடைசியாக, வெட்டக் கூடாத பகுதி. பசித்தால் தண்ணீர் குடியுங்கள் என்பது ஆரோக்கியமானவருக்குப் பெரிய தீங்கில்லை, பெரிய பலனும் இல்லை. வெறும் தண்ணீர் இரைப்பையைவிட்டுச் சீக்கிரமே வெளியேறிவிடும். ஆனால் இன்சுலின் போட்டுக்கொள்பவரோ, கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்கவைக்கும் மாத்திரை எடுப்பவரோ ஒரு வேளையைத் தவிர்த்தால் சர்க்கரை உண்மையிலேயே இறங்கும். அதன் அடையாளங்கள் இவை: மேலே சொன்ன காது அடைக்கும் திடீர்ப் பசி, வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத எரிச்சல், கண் இருட்டல், பேச்சுக் குழறல். பக்கத்தில் இருப்பவர்கள் இதைச் சாதாரணக் கோபம் என்று எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போவதும், தண்ணீர் கொடுத்து நேரத்தை வீணாக்குவதும்தான் நடக்கிறது. சர்க்கரை அளக்கும் கருவியில் பாருங்கள், டெசிலிட்டருக்கு 70 மி.கி.க்குக் கீழே இருந்தாலோ, பார்க்கக் கருவி இல்லாவிட்டாலோ, 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். சர்க்கரை என்றால் தேக்கரண்டியில் மூன்று, நான்கு. சாக்லெட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். அகார்போஸ் என்ற நீரிழிவு மாத்திரை எடுப்பவருக்குச் சர்க்கரை விரைவில் உதவாது, குளுக்கோஸேதான் வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு 15 கிராம். ஏறிய பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

இந்த ஒரு பகுதியை மட்டுமாவது, அந்த நான்கு யோசனைகளும் வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் கட்டம் கட்டி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உளவியல் ஆசிரியர் ஒருவர்